கணினி கேட்கும் தலைமை ஆசிரியர்களுக்கு

நிறுவனங்களின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) நிதியை அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. போன ஆண்டு ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர் ஓர் அறையைத் திறந்து காட்டினார். உள்ளே பத்துக் கணினிகள், மேலே பழைய பெட்ஷீட். யூபிஎஸ் பேட்டரி உப்பிப் போயிருந்தது. இரண்டு ஒயர்களை எலி கடித்திருந்தது. கொடுத்த நிறுவனம் திறப்பு விழாவுக்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

"ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என் பொறுப்புல இருக்கு சார். ஒண்ணு உடைஞ்சாலும் நான்தானே பதில் சொல்லணும்?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மார்ச் 31-க்குள் கணக்கு முடிய வேண்டுமே என்ற அவசரத்தில் பலரும் கணினி வாங்கிவிடுகிறார்கள். கணினிக்கு ஒரே நாளில் பில் கிடைக்கும்; பயிற்றுநர் சம்பளத்துக்குப் பன்னிரண்டு மாதம் ஆகும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் அந்த அவசரம் தேவையே இல்லை. தொடங்கிய ஆண்டு போக மேலும் மூன்று ஆண்டுகள் வரை ஒரு திட்டத்தை நடத்தச் சட்டமே வழிவிடுகிறது. அப்படித் தொடரும் திட்டத்தில் மிஞ்சும் பணத்தை, நிதியாண்டு முடிந்து 30 நாட்களுக்குள் அதற்கென உள்ள தனி வங்கிக் கணக்கில் போட்டுவைத்துச் செலவிடலாம். பராமரிப்பும் சம்பளமும் இதற்குள் தாராளமாக அடங்கும். பள்ளி கேட்டால்தான் நிறுவனம் யோசிக்கும்.

அதனால் இருபது கணினி கேட்க நினைத்தால் பத்து கேளுங்கள். மீதிப் பணத்தில் எர்த்திங், பேட்டரி மாற்றும் செலவு, ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்), வாரத்தில் இரண்டு நாளாவது வரும் பயிற்றுநர் என்று எழுதுங்கள். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டத் தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகக் கேட்டாலும் இதே விவரத்தோடு கேளுங்கள். பழுதானால் யார் செலவு என்பதைக் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

அந்தப் பள்ளிக்கு வேறொரு நிறுவனம் அப்படி எழுதிக் கொடுத்தது. ஆறு கணினிகள் உயிர்பெற்றன. அப்புறம் நான் போன அன்று, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தமிழ்99 விசைப்பலகை முறையில் தன் பெயரை அடித்துக்கொண்டிருந்தாள். மெய்யெழுத்துப் புள்ளிக்கு எந்த விசை என்று தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து எஃப் என்று கண்டுபிடித்ததும், பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள்.