கொம்யூன்: சொல்லும் பொருளும்

கொம்யூன் என்பது பிரான்சின் உள்ளாட்சி அமைப்பில் அடிப்படை அலகின் பெயர். அந்நாட்டில் ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை 500 பேருக்கும் குறைவானோர் வாழும் சிற்றூர்ப் பகுதிகள். ஆயினும் பாரிஸ் மாநகரமும் 2018 இறுதிவரை சட்டத்தின்படி ஒரு கொம்யூனாகவே இருந்தது.

‘பொதுவான’ எனப் பொருள்படும் கொம்மூனிஸ் என்னும் இலத்தீன் சொல்லே இதன் வேர். 12ஆம் நூற்றாண்டில், நிலப்பிரபுக்களிடமிருந்து தன்னாட்சி உரிமை பெறுவதற்காக நகரத்தார் சூளுரைத்து அமைத்த கூட்டிணைவு கொம்யூன் எனப்பட்டது. சிற்றூர்கள் அக்காலத்தில் பெரும்பாலும் தேவாலயப் பங்குகளாகவே, அதாவது ஒரு தேவாலயத்தைச் சார்ந்த வட்டாரங்களாகவே, அறியப்பட்டன. பிரெஞ்சுப் புரட்சி தொடங்கிய 1789ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம், ஊர், நகரம் என்ற வேறுபாடின்றி எல்லாவற்றுக்கும் ஒரே வகை நிர்வாகத்தை அளித்தது. 1793இல் கொம்யூன் என்னும் ஒரே பெயரும் நிலைபெற்றது. 1871இல் பாரிசில் எழுந்த கிளர்ச்சியரசும் இப்பெயரைக் கொண்டதால் தமிழில் பலருக்கு அதுவே முதலில் நினைவுக்கு வருகிறது; சிற்றூர்க் கொம்யூனுக்கு அந்த அரசியல் பொருள் இல்லை.

இச்சொல்லைக் ‘கிராமம்’ என்று பெயர்ப்பது தவறு என்பதற்கு வெர்தன் நகருக்கு அருகிலுள்ள ஃப்ளெரி-தெவான்-துவோமோன் தெளிவான சான்று. உழவர் வாழ்ந்த அவ்வூர், முதல் உலகப்போரின்போது 1916ஆம் ஆண்டில் பிரெஞ்சு, ஜெர்மானியப் படைகளிடையே 16 முறை கைமாறித் தரைமட்டமானது. வெடிக்காத குண்டுகள் மண்ணில் நிறைந்து கிடந்ததால் அங்கே மீண்டும் ஊர் எழவில்லை, காடு வளர்க்கப்பட்டது. இருந்தும் கொம்யூன் கலைக்கப்படவில்லை. குடியிருப்பவர் எவருமில்லாத அதற்கும், அதே கதிக்கு ஆளான அண்டைக் கொம்யூன்கள் ஐந்துக்கும், 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, மேயருக்குரிய பணிகளைச் செய்யும் ஒருவரை மாவட்டத்தின் அரசுப் பிரதிநிதி நியமிக்கிறார். குடிகள் இல்லாதபோதும் எல்லையும் பெயரும் சட்ட உருவமும் நீடிக்கும் இவ்வமைப்பைக் கிராமம் என்னும் சொல்லால் சுட்ட இயலாது.

‘ஊராட்சி’ என்பதே பொருத்தமான தமிழ்ச்சொல் என்பது என் துணிபு. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர் என்பது வாழிடத்தை மட்டுமன்றி அதன் சபையையும் குறித்தது. அச்சபையார் தம்மை ‘ஊரோம்’ என்று சுட்டிக்கொண்டனர். பலர் கூடிப் பொதுவில் நடத்துவது என்னும் பழம்பொருளுக்கு இது மிக நெருங்கி வருகிறது. பெருநகரங்களையும் சேர்த்துச் சட்டப்பொருளில் எழுதும்போது மட்டும் கடன்சொல்லே தேவைப்படும். அங்கும் கம்யூன் என்பதைவிட, பிரெஞ்சு ஒலிப்பை ஒட்டிய கொம்யூன் என்பதே ஏற்றது. 1880இல் பிரெஞ்சிந்தியாவில் இம்முறை புகுத்தப்பட்ட பின் புதுச்சேரியில் வேரூன்றிய வடிவமும் அதுவே. வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்து, பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து என அலுவலகப் பெயர்களில் அது இன்றும் வழங்குகிறது.