அந்த மிட்டாய் ரோஸ் புடவையை ஆபீசுக்குக் கட்டலாமா?

தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர் நான். சில நிறுவனங்களில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுக்களில் வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். அங்கே வரும் புகார்களைப் படித்தால், பெரிய சங்கதி நடப்பதற்கு ரொம்ப முன்னாலேயே உடுப்பின் நிறத்தைப் பற்றிய பேச்சு தொடங்கியிருக்கும். "என்னம்மா, கல்யாண வீட்டுலேர்ந்து நேரா வந்துட்டியா?", "லைட்டை ஆஃப் பண்ணிடலாம், அதான் நீ வந்துட்டியே", இப்படி. சொல்பவருக்கு அது தமாஷ். கேட்கிற பெண் மாம்பழ மஞ்சளையும் கிளிப்பச்சையையும் பீரோவின் அடியில் தள்ளிவிட்டு, சாம்பல், சந்தனம் என்று மாறிவிடுவார், அதோடு பேச்சு நின்றுவிடும் என்ற நம்பிக்கையில். நிற்காது. அடுத்து துப்பட்டா, அப்புறம் பொட்டு, அப்புறம் யாரோடு டீ குடிக்கப் போனாள்.

அதனால் "நம்ம ஆபீஸ் பழைய மாதிரி, அடிக்கிற கலர் எல்லாம் ஒத்து வராது" என்று யாராவது சொன்னால், அது எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். சண்டை போடும் குரலில் வேண்டாம். "டிரஸ் கோடு பாலிசி எங்க சார் இருக்கு, பார்த்துட்டு அதுபடியே வந்துடறேன்" என்றால் போதும். பல இடங்களில் அப்படி ஒரு தாளே இருக்காது.

எழுதி வைத்திருக்கும் இடங்களும் உண்டு. எங்கள் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய பார் கவுன்சில் விதிப்படி பெண் வழக்கறிஞர் கட்டும் புடவை வெள்ளை, கறுப்பு, இல்லையென்றால் அச்சோ டிசைனோ இல்லாத ஏதாவது அடங்கிய நிறம். கோர்ட்டில் நின்று இதை வாதாடிப் பிரயோஜனமில்லை, மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையை உறவுக்காரர் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டியதுதான். தமிழ்நாடு அரசு 2019-ல் தன் ஊழியர்களுக்குப் போட்ட உத்தரவு, பெண்களுக்குப் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவோடு சுடிதார் என்கிறது. ஆண்களுக்குச் சட்டை பேன்ட், வேட்டியும் சரி என்கிறது. எந்தெந்த நிறம் ஆகும், எது ஆகாது என்று அதில் பட்டியல் கிடையாது. 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அரசு அதிகாரிகளை நேரில் வரவழைப்பதற்கு வழிமுறை வகுத்தபோது, அவர்களுடைய அலுவலகத்துக்கென்று உள்ள உடை விதியை மீறினாலொழிய அவர்கள் உடையைப் பற்றி நீதிமன்றங்கள் கருத்துச் சொல்லக் கூடாது என்றது. நீதிபதிகளுக்கே அந்தக் கட்டுப்பாடு, பக்கத்து சீட் அண்ணாச்சிக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். ரத்தச் சிவப்பு ஆபீசுக்கு ஆகாது என்று சொல்லும் அதே இடத்தில், மேல்மருவத்தூருக்கு மாலை போட்ட அக்கா தலையிலிருந்து கால் வரை சிவப்பில் வருவார், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். கார்த்திகை பிறந்தால் கறுப்பும் நீலமும் காவியுமாக ஐயப்ப சாமிகள். ஆயுத பூஜையன்று எல்லாருமே பட்டு, மேனேஜர் உட்பட. அன்றைக்கு யார் கண்ணும் கூசுவதில்லை. புதிதாகச் சேர்ந்தவர், கான்ட்ராக்டில் இருப்பவர், கேள்வி கேட்க ஆள் இல்லாதவர் என்று பார்த்துத்தான் கூசுகிறது.

இதில் மோசமாகச் சிக்குவது கணவரை இழந்த பெண்கள். கருணை அடிப்படையில், கணவர் வேலை பார்த்த அதே அலுவலகத்துக்கு வருவார்கள். சுற்றி இருப்பவர்கள் எல்லாம் கணவருக்குத் தெரிந்தவர்கள், ஆகவே இந்தப் பெண் என்ன கட்டுகிறாள் என்பதில் எல்லாருக்கும் ஒரு உரிமை. அப்படி ஒருவர் அரக்கு, வாடாமல்லி என்று கட்டி வர ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் மேலிடத்துக்கு ஒரு மொட்டை பெட்டிஷன் போனது, இவர் மறுமணம் செய்துகொண்டதை மறைக்கிறார் என்று. ஆதாரம்? புடவையும் தலையில் வைத்த பூவும். அதை குப்பையில் போடாமல் அலுவலகம் அவரிடம் விளக்கம் கேட்டு மெமோ கொடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பதிலை நான்தான் எழுதிக் கொடுத்தேன்: பணி நியமன ஆணையில் உடை பற்றி நிபந்தனை எதுவும் இல்லை, எந்த விதியை மீறினேன் என்று தெரிவித்தால் பதில் தருகிறேன். அதற்குமேல் அந்தக் கோப்பு நகரவில்லை.

சரி, நடைமுறைக்கு வருவோம். புது இடத்தில் முதல் சில வாரம் சுற்றிப் பார்த்துவிட்டு உடுத்துவதில் தப்பில்லை, பிழைப்பும் பார்க்க வேண்டுமே. என் கண்ணுக்கு, ஒரே நிறத்தில் பளிச்சென்று இருக்கும் காட்டன் புடவை எந்த ஆபீசிலும் நிற்கும். ஜிகினாவும் கல்லும் வைத்தது மீட்டிங்கில் உங்களை விட அதிகமாகப் பேசும். மெஷின் ஓடும் இடத்தில் துப்பட்டா தொங்கக் கூடாது என்றால் அது பாதுகாப்பு, மறுபேச்சே வேண்டாம். அரசு ஊழியர் தேர்தல் நேரத்தில் கட்சிக் கரை வேட்டியோடு வந்தால் அது நிறப் பிரச்சினையே இல்லை, 1973-ம் வருட நடத்தை விதிகள் வேறு கதை சொல்லும்.

பேச்சு எல்லை தாண்டினால்? "இந்தக் கலர் யாரை மயக்க?" என்று கேட்பது ஆலோசனை அல்ல. வேலையிடத்தில் பெண்களைப் பாதுகாக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பாலியல் தொனியில் பேசுவது பாலியல் துன்புறுத்தல். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும், அதைவிடச் சின்ன இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். தேதி, பக்கத்தில் யார் இருந்தார்கள், சொன்ன வார்த்தை அப்படியே. அன்றைக்கே குறித்து வையுங்கள். "அசிங்கமாகப் பேசினார்" என்று மட்டும் எழுதி வரும் புகார்கள் விசாரணையில் படும் பாடு எனக்குத் தெரியும்.

ஆனால் உடை பற்றிய எல்லாப் பேச்சும் இந்தச் சட்டத்துக்குள் வராது, இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. "உன் நிறத்துக்கு இது எடுக்காது" என்பது கேவலமான பேச்சு, ஆனாலும் அது மட்டும் என்றால் ஹெச்.ஆரிடம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ரோஸ் சட்டை போட்டதற்காக "ராமராஜன்" என்று தினமும் கிண்டல் வாங்கும் பையனுக்கும் அதே வழிதான், 2013 சட்டம் பெண்களுக்கானது. திருநர்களுக்கு 2019-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதன்படி நிறுவனம் ஒரு புகார் அதிகாரியை நியமித்திருக்க வேண்டும். அவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

மேனேஜர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை. வாடிக்கையாளர் முன்னால் இன்ன மாதிரிதான் உடுத்த வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தால், ஆணுக்கும் பெண்ணுக்கும் சேர்த்து எழுத்தில் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஒரு பெண்ணை மட்டும் கேபினுக்குக் கூப்பிட்டு அவர் புடவையைப் பற்றிப் பேசாதீர்கள்.