ஹாம் மேல்நீதிமன்றம் உங்கள் வழக்கை மறுபடி நடத்தாது

"ஹாமுக்குப் போனால் எல்லாத்தையும் முதலிலிருந்து சொல்லலாம்தானே?" தோற்ற தீர்ப்போடு வரும் பாதிப் பேர் கேட்பது இதுதான். ஜெர்மனியில் ஹாம் நகரத்தில் உள்ள மேல்நீதிமன்றத்தைத்தான் சொல்கிறார்கள். இந்த மாதமும் ஒருவர் கேட்டார். கையில் ஒரு பை நிறைய ரசீதுகள், ஒன்றைக்கூட லாண்ட்கெரிஷ்டில், அதாவது வழக்கை முதலில் விசாரித்த கீழ் நீதிமன்றத்தில், காட்டியிருக்கவில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

முடியாது. சிவில் மேல்முறையீட்டில் ஓபர்லாண்டெஸ்கெரிஷ்ட் (மேல்நீதிமன்றம்) பார்ப்பது, கீழ் நீதிமன்றம் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்தியதா, அது கண்ட உண்மைகளைச் சந்தேகிக்கத் திட்டவட்டமான காரணம் உண்டா என்பதைத்தான். அலட்சியத்தால் அங்கே கொடுக்காமல் விட்ட ஆதாரத்தை இங்கே எடுக்க மாட்டார்கள். வெல்ல வழியே இல்லை என்று மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக நினைத்தால், விசாரணைத் தேதிகூடக் குறிக்காமல் தள்ளுபடி செய்யலாம். அதற்கு முன்னால் காரணம் சொல்லி ஒரு கடிதம் வரும். பெரும்பாலும் அப்போதே வாபஸ் வாங்குவது நல்லது, நீதிமன்றக் கட்டணமாவது குறையும்.

"ஹாம் நீதிபதிகள் ஆதாரம் பார்க்க பெரு நாட்டுக்கே போனார்களே?" என்பார்கள். போனார்கள். ஆர்டபிள்யூஈ மின் நிறுவனத்துக்கு எதிராக பெரு விவசாயி ஒருவர் பருவநிலை மாற்றத்தால் தன் வீட்டுக்கு வெள்ள அபாயம் என்று போட்ட வழக்கை எசன் லாண்ட்கெரிஷ்ட் 2016இல் ஆதாரம் எதையும் விசாரிக்காமலே தள்ளியது. சட்டப்படி கோரிக்கைக்கு இடமுண்டு என்று ஹாம் கருதியதால் ஆதார விசாரணையை ஹாமிலேயே நடத்த வேண்டியதாயிற்று. 2022இல் நீதிபதிகள் அந்த விவசாயியின் ஊரான ஹுவராஸுக்குப் போனார்கள். 2025 மே மாதம் அதுவும் தள்ளுபடி. உங்கள் கடை வாடகைத் தகராறு அந்த ரகம் இல்லை.

1820இல் கிளேவ நகரத்திலிருந்து ஹாமுக்கு வந்த நீதிமன்றம் இது. வெஸ்ட்ஃபாலியா பகுதியோடு எசன் நகரமும் இதன் எல்லைக்குள். மக்கள்தொகைப்படி ஜெர்மனியிலேயே பெரிய மேல்நீதிமன்றம், அதனால் தாமதமாக வந்தவருக்காக யாரும் காத்திருக்கப்போவதில்லை.

சரி, மேல்முறையீட்டுக்கான கெடு. தீர்ப்பு வந்த மஞ்சள் உறையில் தபால்காரர் எழுதிய தேதியைப் பாருங்கள். பெட்டியில் விழுந்த நாளிலிருந்து ஒரு மாதம், நீங்கள் ஊரிலிருந்து திரும்பி வந்து பிரித்த நாளிலிருந்து இல்லை. உறையைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். வக்கீல் வைத்திருந்தால் தீர்ப்பு அவருக்குப் போகும், அவர் கெடுவைத் தவறவிட்டாலும் தவறு உங்கள் கணக்கில்தான். சிவில் மேல்முறையீட்டுக்கு வக்கீல் கட்டாயம்.

பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற வழக்கு வேறு. அதில் புதுத் தகவல் சொல்லலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் மனுவை ஹாமுக்கு அனுப்பாதீர்கள், முடிவு சொன்ன அதே குடும்ப நீதிமன்றத்தில் கொடுங்கள். கடைசி நாளில் ஹாமுக்கு அனுப்பினால் அது திரும்பி வருவதற்குள் கெடு முடிந்துவிடும். இடைக்கால உத்தரவு என்றால் பெரும்பாலும் இரண்டே வாரம்.

அப்புறம், அகதி வழக்குக்கு ஹாமில் வேலையே இல்லை. அது நிர்வாக நீதிமன்றங்களின் பாதை, மேலே போனால் ம்யூன்ஸ்டர் நகரத்தில் உள்ள உயர் நிர்வாக நீதிமன்றம். அந்தக் கெடுக்கள் இன்னும் குறுகியவை, கடிதம் வந்த அன்றே வக்கீலைக் கூப்பிடுங்கள்.