டூயோ: இருவர் இசைக்குத் தமிழில் என்ன பெயர்?

அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை வகைகளான சோல், ஜாஸ், ப்ளூஸ் மூன்றையும் கலந்து இசைக்கும் இருவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ‘டூயோ’ என்ற ஒரே சொல் போதும். தமிழில் எழுத உட்கார்ந்தால் அந்த இடத்திலேயே தடுக்கிறது. ‘ஜோடி’ என்றால் காதலர்கள் போலத் தோன்றுகிறது. ‘டூயட்’ என்றால் சினிமாப் பாட்டு நினைவுக்கு வந்துவிடுகிறது. ‘இரட்டையர்’ என்றால் கூடப் பிறந்தவர்களா என்று கேட்கிறார்கள். பொருத்தமான சொல் தமிழில் இருக்கிறது என்பதே என் எண்ணம். அதற்கு முன், டூயோ என்றால் என்ன என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

லத்தீனில் ‘டுவோ’ என்றால் இரண்டு. இத்தாலிய இசைக்காரர்கள் அதை எடுத்துக்கொள்ள, அவர்கள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘சிறியது’ என்று காட்டும் விகுதியைச் சேர்த்து இத்தாலியர்கள் ‘டுவெட்டோ’ என்றார்கள். நாம் சொல்லும் டூயட் அதுதான். இன்றைய வழக்கில் டூயட் என்பது பெரும்பாலும் பாட்டைக் குறிக்கிறது, டூயோ என்பது ஆட்களைக் குறிக்கிறது. ஒரு பாட்டுக்காக மட்டும் சேர்ந்த இருவர் பாடுவது டூயட். ஆண்டுக்கணக்கில் ஒரே பெயரில் சேர்ந்து இசைப்பவர்கள் டூயோ. தமிழில் இரண்டையும் டூயட் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் இந்த வேறுபாடு மங்கிப்போனது.

  

ஒரு டூயோவைப் பார்ப்போம். டக் அண்ட் பாட்டி (Tuck & Patti) என்ற பெயரில் இசைக்கும் டக் ஆண்ட்ரஸும் பாட்டி கேத்கார்ட்டும் 1978இல் லாஸ் வேகாஸில் சந்தித்தார்கள். டக் கிதார், பாட்டி குரல். டிரம்ஸ் இல்லை, பாஸ் இல்லை, பியானோ இல்லை. முதல் இசைத்தொகுப்பு 1988இல் வந்தது. கேப் பேண்ட் என்ற குழுவில் வாசித்த அனுபவம் டக்குக்கு உண்டு. அவருடைய ஒரே கிதாரில் அடிச்சுரம் நடக்கிறது, கார்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) விழுகின்றன, இடையே மெட்டும் ஓடுகிறது, தாளமும் அதற்குள்ளேயே இருக்கிறது. பாட்டியின் குரலில் தேவாலயப் பாடலின் ஏற்றம் இருக்கும்; அடுத்த வரியிலேயே ஜாஸ் பாடகரின் நிதானம் வந்துவிடும். இதில் டக்கைப் பக்கவாத்தியக்காரர் என்று சொன்னால் அது பெரிய தவறு. கிதாரை எடுத்துவிட்டால் பாட்டு பாதி இல்லை, குரலை எடுத்தாலும் பாதி இல்லை. டூயோ என்ற சொல்லின் உயிர் இதில்தான் இருக்கிறது: இருவரில் யாரும் மற்றவருக்குத் துணை அல்ல.

இந்த வடிவம் பழையது. 1928, 1929 ஆண்டுகளில் எடி லேங், லானி ஜான்சன் என்ற இரு கிதார்க் கலைஞர்கள் ஓகே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காகச் சேர்ந்து சில இசைத்தட்டுகள் பதிவு செய்தார்கள். லேங் இத்தாலியக் குடியேறிகளின் மகன், ஃபிலடெல்ஃபியாவின் ஜாஸ் கலைஞர். ஜான்சன் நியூ ஆர்லியன்ஸில் பிறந்த கறுப்பினக் கலைஞர், ப்ளூஸ் உலகில் பெரும்பெயர். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து வாசித்ததை வெளிப்படையாகச் சொல்ல முடியாத காலம். கறுப்பின மக்களுக்கென்று தனியாக விற்கப்பட்ட தட்டுகள் அவை. அதனால் லேங்கின் பெயர் ‘பிளைண்ட் வில்லி டன்’ என்று அச்சானது. அவருக்குக் கண் நன்றாகவே தெரியும். சட்டமும் வழக்கமும் பிரித்து வைத்த இருவர் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் கார்டு பிடிக்க மற்றவர் மெட்டில் பறந்த அந்தப் பதிவுகளை இன்று கேட்டாலும் எனக்குச் சிலிர்க்கிறது. ஜாஸும் ப்ளூஸும் கலந்தன என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறோம். கலப்பதற்கு ஒரு மனிதர் தன் பெயரையே மறைக்க வேண்டியிருந்தது.

அதே 1928இல் லீராய் காரும் ஸ்கிராப்பர் பிளாக்வெல்லும் பியானோவும் கிதாருமாக ப்ளூஸ் பதிவு செய்யத் தொடங்கினார்கள். சோல் இசையில் சாம் அண்ட் டேவ். சாம் மூரும் டேவ் பிரேட்டரும் 1961இல் மயாமியின் ஒரு கிளப்பில் சேர்ந்தவர்கள். ஒருவர் ஒரு வரியை எறிய, அடுத்தவர் அதைப் பிடித்து இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோவார்; தேவாலயத்தில் போதகரும் சபையும் மாறி மாறிப் பாடும் முறை அது. இந்த இருவரும் மேடையை விட்டு இறங்கினால் ஒருவரோடு ஒருவர் பேசாமலே பல ஆண்டுகள் பாடியிருக்கிறார்கள். டக்கும் பாட்டியும் கணவன் மனைவி. ஆக, டூயோ என்ற சொல்லில் உறவுக்கு இடமில்லை, இசைக்கு மட்டுமே இடம். இந்த ஒரு காரணத்துக்காகவே ‘ஜோடி’யை ஒதுக்கிவிடலாம்.

அந்த மூன்று இசைப் பெயர்களையும் தமிழாக்க வேண்டுமா? வேண்டாம் என்பேன். ஆங்கிலத்தில் மனச்சோர்வை ‘நீலப் பிசாசுகள்’ பிடித்ததாகச் சொல்லும் பழைய வழக்கிலிருந்து வந்தது ப்ளூஸ். ‘நீல இசை’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. ஜாஸ் என்ற சொல் 1912இல் கலிஃபோர்னியாவில் பேஸ்பால் செய்தியில் அச்சாகி, துடிப்பு என்ற பொருளில் புழங்கி, 1915 வாக்கில் சிகாகோவில் இசைக்குப் பெயரானது. சோல் என்றால் ஆன்மா என்பது உண்மை. ஆனால் ‘ஆன்ம இசை’ என்றதும் நமக்குப் பஜனைதான் தோன்றும். கறுப்பின மக்கள் தங்களுடையது என்று பெருமையோடு சூட்டிக்கொண்ட பெயர் அது. அமெரிக்க இசை இதழான பில்போர்டு 1969இல் தன் தரவரிசைப் பட்டியலுக்கே அந்தப் பெயரை வைத்தது. கஜலையும் கவ்வாலியையும் அப்படியே சொல்கிறோமே, இவற்றையும் அப்படியே சொல்லலாம். டூயோ அப்படியல்ல. அது ஓர் இசை வகையின் பெயர் இல்லை, எல்லா ஊர் இசையிலும் இருக்கிற ஓர் அமைப்பின் பெயர். அதற்கு நம் சொல் வேண்டும்.

நம்மிடம் அந்த அமைப்புக்குப் பஞ்சமே இல்லை. ஒருவர் தொடங்க மற்றவர் முடித்துக் கவி பாடிய இளஞ்சூரியரையும் முதுசூரியரையும் ‘இரட்டைப் புலவர்’ என்றோம். மெல்லிசையில் விஸ்வநாதன்–ராமமூர்த்தியை இரட்டையர் என்றோம். கர்நாடக இசையில் ‘சகோதரர்கள்’ என்பதே இருவர் கச்சேரிக்குப் பட்டமாகிவிட்டது. ஆலத்தூர் சகோதரர்கள் இருவரும் உண்மையில் அண்ணன் தம்பி அல்ல. ‘இரட்டையர்’ நல்ல சொல்தான், டென்னிஸ் செய்திகளிலும் நிலைத்துவிட்டது. ஆனால் அதில் ஒன்றுபோல் இன்னொன்று என்ற பொருள் தொனிக்கிறது. ஒரு குரலும் ஒரு கிதாரும் ஒன்றுபோல் இல்லை. வேறாக இருப்பதுதான் அவற்றின் பலமே.

என் தேர்வு ‘இணை’. இணை என்றால் ஒப்பு, இணை என்றால் சேர், இணை என்றால் இரண்டு சேர்ந்த ஒன்று. யாப்பிலக்கணத்தில் அடியின் முதல் இரண்டு சீர்களில் மோனை வந்தால் அது இணை மோனை. வேறு வேறு சொற்கள், பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஓசையால் பொருந்துகின்றன. இசையில் இருவர் செய்வதும் அதுதான். ‘துணை’ என்று சொன்னால் ஒருவர் மற்றவருக்குப் பின்னால் போய்விடுகிறார். ‘இணை’யில் இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்.

‘இசை இணை’ என்று சொல்லலாம்: ‘சோல், ஜாஸ், ப்ளூஸ் கலந்து தரும் இசை இணை’. வினையில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். ‘இந்த இணை பாடியது’ என்பது இலக்கணப்படி சரி, ஆனால் மனிதர்களைச் சொல்லும்போது காதுக்கு உறுத்துகிறது. ‘இணையர்’ என்று ஆக்கினால் வாழ்க்கைத் துணை என்ற இன்றைய பொருள் குறுக்கே வந்துவிடும். அப்படிப்பட்ட இடங்களில் ‘இசை இணையினர் பாடினார்கள்’ என்று எழுதுங்கள். பாட்டைச் சொல்ல வேண்டுமானால், டூயட்டுக்கு ஏற்கெனவே ‘இருவர் பாடல்’ இருக்கிறது.