ஆவாரைக்கு எத்தனை பெயர்?

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். போன ஆடி மாதம் மருந்தியல் முதுநிலை மாணவி ஒருவர் வந்தார். காரைக்குடிப் பக்கத்துப் பெண். அவருடைய அப்பத்தா ஆவாரம்பூவை நிழலில் உலர்த்தி, கஷாயம் வைத்துக் குடிக்கிறவர். “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பார்கள் மேடம். அது சர்க்கரையைக் குறைக்கிறதா என்பதுதான் என் ஆய்வு. தேடிப் பார்த்துவிட்டேன், அதிகம் இல்லை” என்றார்.

எந்தப் பெயரில் தேடினீர்கள் என்று கேட்டேன். ‘சென்னா ஆரிகுலேட்டா’ என்றார். சரியான பெயர்தான். ஆனால் பழைய கட்டுரைகளில் அதே செடி ‘கேசியா ஆரிகுலேட்டா’. தாவரவியலார் பெயரை மாற்றிய பிறகும் பழைய பெயரிலேயே எழுதுகிற மருந்தியலார் உண்டு. பட்டை தோல் பதனிட உதவுவதால் ஆங்கிலத்தில் ‘டேனர்ஸ் கேசியா’, இந்தியில் ‘தர்வர்’. ஒரு வெள்ளைத்தாளில் எல்லாப் பெயர்களையும் எழுதி, நடுநடுவே ‘அல்லது’ போட்டோம். நீரிழிவுக்கும் அப்படியே. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையத் தளமான பப்மெட்டில் மெஷ் என்னும் பொருட்சொல் பட்டியல் இருக்கிறது. ஒரு நோய்க்குரிய பல பெயர்களை ஒரே தலைப்பின்கீழ் சேர்த்துவிடும். ஆனால் பப்மெட்டில் உள்ள எல்லாக் கட்டுரைகளுக்கும் மெஷ் தலைப்பு கிடையாது. அதனால் சாதாரணச் சொற்களாலும் தேடியே ஆக வேண்டும். தேடினோம். பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. அவர் செய்ய நினைத்த எலிச் சோதனையை ஏற்கெனவே பலர் செய்திருந்தார்கள்.

தேடலில் விடுபடுவது உயிரையும் கேட்கும். 2001இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆஸ்துமா ஆய்வு ஒன்றில், ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தைச் சுவாசித்த 24 வயதுத் தன்னார்வலர், நோயில்லாதவர், நுரையீரல் பாதித்து இறந்தார். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950களின் இதழ்களிலேயே எழுதியிருந்தார்கள். அன்றைய பப்மெட் தேடல் 1966க்கு முன்னால் போகவில்லை. பழைய அச்சுத் தொகுதிகள் அலமாரியில்தான் இருந்தன. இந்தச் செய்தியை ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்குச் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

பப்மெட்டில் வராதவையும் உண்டு. காரைக்குடியை அடுத்த கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா திரட்டிய பழந்தமிழ் அச்சு நூல்கள் இன்று சென்னையில் அவர் பெயரிலான ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. நாட்டு மருத்துவ நூல்களும் அவற்றில் அடக்கம். ஆவாரையை எந்த நோய்க்கு, எப்படிக் கொடுத்தார்கள் என்பதற்கு அங்கேதான் போக வேண்டும் என்று அந்த மாணவியிடம் சொன்னேன். நம் ஊர்க்காரர் சேர்த்த புதையல் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

தேடலோடு எங்கள் வேலை முடிவதில்லை. எந்தத் தளத்தில், எந்தத் தேதியில், எந்தச் சொற்களால் தேடினோம் என்பதை எழுதி வைக்கிறோம். இன்னொருவர் அதே வழியில் தேடிச் சரிபார்க்க அது வேண்டும். மனிதர்களிடம் மருந்தைச் சோதிப்பதானால், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்று நினைவூட்டுகிறோம். மேற்கோள் காட்டும் கட்டுரை பின்னாளில் திரும்பப் பெறப்பட்டதா என்று பார்க்கிறோம். ‘பணம் கட்டுங்கள், ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம்’ என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களை அடையாளம் காட்டுகிறோம். முழுக் கட்டுரைக்குக் கைக்காசு கொடுக்கும் முன்பும் எங்களைக் கேளுங்கள்: 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன.

பெரும்பாலோர் எங்களிடம் வருவது, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நான்கு நாள் இருக்கும்போது, மேற்கோள் பட்டியலைச் சரிசெய்ய. அப்போது கேள்வியை மாற்ற முடியாது. அந்த மாணவி தலைப்பு முடிவாகும் முன்பே வந்தார். எலிச் சோதனையை விட்டுவிட்டு, இதுவரை வந்த ஆய்வுகளை முறைப்படி தொகுத்து மதிப்பிடுவது என்று வழிகாட்டியோடு பேசி முடிவுசெய்தார். பெயர்கள் எழுதிய அந்த வெள்ளைத்தாள் இப்போது அவருடைய கோப்பில் முதல் பக்கமாக இருக்கிறது.