அலமேலு: அலை அல்ல, அலர்

போன மாதம் உறவில் ஒரு குழந்தைக்குப் பெயர் சூட்டு விழா. கொள்ளுப்பாட்டி பெயர் அலமேலு, அதையே வைக்கலாமா என்று பேச்சு வந்தது. "அது தெலுங்குப் பேராச்சே. பாற்கடல் அலைமேல் வந்தவள்னு அர்த்தம்" என்றார் ஒருவர், கைப்பேசியில் பெயர்ப் பட்டியலைப் பார்த்தபடி. இந்த விளக்கத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அலர் என்றால் நன்றாக விரிந்த பூ. அலர்மேல்மங்கை, அதாவது தாமரைப் பூவின் மேல் இருக்கும் திருமகள். அது பேச்சில் தேய்ந்து அலமேலுமங்கை, அலமேலு, வீட்டில் அலமு. பார்த்து 'பாத்து' ஆகிறது, பால் 'பாலு' ஆகிறது, அதே வழிதான்.

திருவேங்கடத்தானைப் பாடும்போது நம்மாழ்வார் "அகலகில்லேன் இறையும் என்று அலர்மேல்மங்கை உறைமார்பா" என்கிறார். ரகரம் அங்கே தெளிவாக நிற்கிறது. அலைக்கு இடமே இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, 15ஆம் நூற்றாண்டில், அன்னமாச்சாரியார் அலமேலுமங்கையைத் தெலுங்கில் பாடினார். திருப்பதிக்குப் பக்கத்தில் தாயார் கோயில் இருக்கும் திருச்சானூருக்கே அலமேலுமங்காபுரம் என்ற பெயர் உண்டு. தெலுங்கு நாட்டில் அத்தனை செல்வாக்கோடு வாழ்ந்ததால் பெயரும் தெலுங்கு என்று நம்மவர்களே நினைத்துக்கொண்டார்கள்.

சரி, தெலுங்கு என்று நினைத்தவர்கள் அதோடு விட்டார்களா? ஒரு சாரார் "உண்மையான பெயர் பத்மாவதி" என்று மாற்றினார்கள். பத்மாவதி என்றால் தாமரையை உடையவள். கையில் தாமரை வைத்திருந்தாலும் அந்தப் பெயர் பொருந்தும். பூவின் மேல் அமர்ந்திருக்கும் காட்சி அதில் எங்கே? இன்னொரு சாரார் தூய தமிழ் வேண்டும் என்று 'தாமரைச்செல்வி' ஆக்குகிறார்கள். நல்ல பெயர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அலமேலுவுக்கு மாற்றாக அதை வைப்பது தமிழை எடுத்துவிட்டுத் தமிழை வைப்பது; அதிலும் 'மேல்' காணாமல் போகிறது. அந்த 'மேல்' சும்மா வந்த சொல் இல்லை. குறளில் 'மலர்மிசை ஏகினான்' என்று வருகிறதே, அந்த 'மிசை'யும் இந்த 'மேலு'ம் ஒரே பொருள். மலர்மிசையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தவர்கள் அலர்மேலை அடையாளம் தெரியாமல் விடுவது எனக்கு ஆற்றவே இல்லை.

என் பாட்டி காலத்தில் தெருவுக்கு ஓர் அலமேலு இருந்தார். அவர்களுடைய பெண்கள் பத்மா ஆனார்கள். பேத்திகளுக்கு 'ஷ'வும் 'ஸ்ரீ'யும் வேண்டியிருந்தது. நாடகங்களிலும் படங்களிலும் மடிசார் மாமி என்றால் அலமேலு என்று வைத்து வைத்து, அந்தப் பெயரையே கேலிக்குரியதாக்கிவிட்டார்கள். அப்புறம் இந்தப் பெயர்ப் பட்டியல்கள். ஒருவர் தப்பாக எழுதியதை அடுத்தவர் அப்படியே எடுத்துப் போடுகிறார். ஓர் அகராதியைப் புரட்டிப் பார்க்கக்கூடவா நேரமில்லை?

பழைய வாடை அடிக்கிறது என்று தயங்குபவர்கள் சான்றிதழில் அலர்மேல்மங்கை என்று முழுசாக எழுதலாம். நீளம் என்றால் அலர்மேல் போதும்; பரதக் கலைஞர் அலர்மேல் வள்ளியின் பெயரில் அந்த 'ர்' இன்னும் அப்படியே இருக்கிறது. வீட்டில் கூப்பிட அலமு இருக்கவே இருக்கிறது.