பூட்டிக் கிடக்கும் பெரிய வீடு: பன்னிரண்டு வருஷம் இருந்தவருக்கே சொந்தமாகிவிடுமா?

செட்டிநாட்டில், கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ இருக்கும் உங்கள் பெரிய வீட்டில் காவலுக்கு வைத்த ஆள் இருபது வருஷமாகக் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார் என்பதற்காக வீடு அவருக்குப் போய்விடாது. முப்பது வருஷம் ஆனாலும் போகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "பன்னிரண்டு வருஷம் ஆச்சுன்னா அவ்வளவுதான்" என்ற பேச்சைக் கேட்டுப் பயந்து, நல்லபடியாக வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவரை அனுப்பிவிட்டு, அடுத்த மழைக்கு ஓடு சரிந்து வளவுக்குள் (வீட்டின் நடு முற்றத்துக்குள்) தண்ணீர் நின்ற வீடுகள் இந்தப் பக்கம் உண்டு.

அந்தப் பன்னிரண்டு வருஷக் கதை எங்கிருந்து வந்தது? 1963-ஆம் வருஷத்துக் காலவரையறைச் சட்டத்திலிருந்து. உங்கள் இடத்தை வேறொருவர் தன் சொந்தம் என்று வெளிப்படையாகச் சொல்லி வைத்துக்கொண்டிருக்கிறார், நீங்கள் பன்னிரண்டு வருஷம் வழக்குப் போடாமல் சும்மா இருக்கிறீர்கள் என்றால், மீட்டுக் கேட்கும் உரிமை போய்விடும் (65-வது ஷரத்து). அதோடு சொத்தின் மேல் இருந்த உரிமையே அற்றுப்போகும் (27-வது பிரிவு). எதிரிடை அனுபவம் என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். ஆனால் கணக்கு அவர் குடிவந்த நாளிலிருந்து தொடங்காது, உங்கள் உரிமையை மறுத்து அவர் வைத்துக்கொள்ள ஆரம்பித்த நாளிலிருந்துதான் தொடங்கும். நீங்கள் அனுமதி கொடுத்துத் தங்கியிருப்பவருக்கு அந்தக் கடிகாரம் ஓடவே ஓடாது. எந்தத் தேதியில் எதிரிடையாக மாறியது, எப்படி, அது உரிமையாளருக்குத் தெரியுமா என்பதையெல்லாம் உரிமை கேட்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-லேயே கர்நாடக வக்ஃபு வாரிய வழக்கில் சொல்லிவிட்டது. காவலாளி, வேலைக்காரர், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் எத்தனை வருஷம் இருந்தாலும் உரிமை கேட்க முடியாது என்று 2012-இல் கோவா வீடு ஒன்றைப் பற்றிய வழக்கில் இன்னும் உடைத்தே சொன்னது. வாடகைக்கு இருப்பவரும் அப்படித்தான்: வாடகைதாரராக உள்ளே வந்துவிட்டு, இருக்கும்வரை நீ உரிமையாளரே இல்லை என்று வாதாட முடியாது.

அதற்காக அசந்து இருக்கவும் கூடாது. முன்பெல்லாம் எதிரிடை அனுபவத்தை, இடத்தை வைத்துக்கொண்டிருப்பவர் தன்மேல் வழக்கு வந்தால் தடுத்துக்கொள்ள மட்டுமே சொல்லலாம் என்று இருந்தது. 2019-இல் ரவீந்தர் கவுர் கிரேவால் வழக்கில், அதை வைத்து அவரே வழக்குப் போடவும் செய்யலாம் என்று தீர்ப்பாகிவிட்டது. ஆகவே காவலுக்கு வைக்கும்போதே "சம்பளத்துக்கு இருக்கிறேன், கேட்டால் காலி செய்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சம்பளத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகப் போடுங்கள். வீட்டு வரியும் கரண்ட் பில்லும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். கணக்குப் பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று விட்டு, வரி ரசீது பத்து வருஷமாக வேறு பெயரில் வந்தது தெரியாமல் இருந்தால் பிறகு கோர்ட்டில் பதில் சொல்வது நீங்கள்தான்.

சரி, காவல்காரரை விடுங்கள், இந்த ஊர்களில் உண்மையான சிக்கல் பங்காளிகளுக்குள்தான். வளவைச் சுற்றி ஆளுக்கொரு அறை, கொள்ளுத்தாத்தா காலத்தில் நாலு புள்ளி (கல்யாணமான குடும்பம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி), இன்றைக்கு வாரிசு எண்ணினால் முப்பது பேர், பாதிப் பேர் சென்னையில், மீதிப் பேர் பினாங்கிலும் கோயம்புத்தூரிலும். ஒரு புள்ளி மட்டும் ஊரில் இருந்து சாவியை வைத்து, வரி கட்டி, ஒழுகும் இடத்தில் ஓடு மாற்றிக்கொண்டிருக்கிறது. நாற்பது வருஷம் கழித்து, "நாங்கள்தானே இருந்தோம், எங்களுக்குத்தான்" என்கிறது. சட்டம் இதை ஏற்பதில்லை. ஒரு பங்காளியின் அனுபவம் எல்லாப் பங்காளிகளின் சார்பான அனுபவம் என்பதுதான் 1957-லிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லிவரும் நிலை. மற்றவர்களை வெளிப்படையாக மறுத்து, அவர்களுக்குத் தெரியும்படி வெளியே நிறுத்தி, அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் கடந்திருந்தால்தான் அந்தப் பேச்சுக்கே இடம். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு எல்லோரும் வந்து, கல்யாணத்துக்கு முகப்பைத் திறந்து, அவரவர் அறையில் அவரவர் பெட்டியும் பாத்திரமும் இருக்கும் வீட்டில் அப்படி நிரூபிப்பது லேசில்லை. செலவு செய்தவருக்குக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது நியாயம், அதைப் பாகப்பிரிவினையில் பேசிக்கொள்ளலாம். வீட்டையே கொடுப்பது வேறு கதை.

பெண்பிள்ளைகளை மறந்துவிடுகிறார்கள். "சீர் செஞ்சு அனுப்பியாச்சு" என்பது சட்டத்தின் கண்ணில் பங்கைத் தீர்ப்பதாகாது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய, ஆச்சியின் மகளுக்கும் பங்கு நிற்கும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தப்படி பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் ஒரே உரிமை, திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் வினீதா சர்மா வழக்கில் முடிவாகிவிட்டது. 20-12-2004-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையோ கோர்ட் டிக்ரியான பாகப்பிரிவினையோ இருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது.

இன்னொன்று, பிரிக்காத பங்கை வெளியாளுக்கு விற்பது. ஒரு பங்காளி தன் பங்கை விற்கலாம், தடையில்லை. ஆனால் குடும்பத்தார் குடியிருக்கும் பிரிக்காத வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் நேராக உள்ளே வந்து கூட உட்கார முடியாது (சொத்து மாற்றுச் சட்டம், 44-வது பிரிவு). அவர் பாகப்பிரிவினை வழக்குதான் போட வேண்டும். அப்படிப் போட்டால், கோர்ட் மதிப்புப் போடும் விலைக்கு அந்தப் பங்கை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று குடும்பத்தார் கேட்கலாம். 1893-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-வது பிரிவு அது. பழைய சட்டம்தான், ஆனால் செட்டிநாட்டுக்கென்றே எழுதின மாதிரி இருக்கிறது. அதேபோல் ஒரு பங்காளி மட்டும் பர்மா தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் கழற்றிக் பழம்பொருள் கடைகள் இருக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு ஏற்ற வண்டி கொண்டுவந்தால், மற்றவர்கள் தடையுத்தரவு கேட்டு சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். வண்டி கிளம்புவதற்கு முன் போக வேண்டும், அதுதான் விஷயம்.

பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று நம்புகிறவர்கள் இன்னும் அதிகம். பட்டா வருவாய்த் துறை வரிக்காக வைத்திருக்கும் பதிவு. அது உரிமையைத் தராது, தவறாக வேறு பெயரில் ஏறியிருந்தால் உங்கள் உரிமையைப் பறிக்கவும் செய்யாது. உரிமை வருவது பதிவு செய்த கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, உயில், வாரிசுரிமை இவற்றால். வெறும் பவர் பத்திரத்தை வைத்து வாங்கியது கிரயமாகாது என்று 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் சொல்லியாகிவிட்டது.

ஆனால் நூறு வருஷ வீடுகள் பலவற்றுக்குத் தாய்ப் பத்திரமே கிடையாது, ஊர்க் குடியிருப்பு நிலமான நத்தத்தில் கட்டினார்கள், இருந்தார்கள், அவ்வளவுதான். அங்கே அனுபவம் உங்களுக்குச் சாதகமாகப் பேசும். ஒரு சொத்து யார் சுவாதீனத்தில் (கைவசத்தில்) இருக்கிறதோ அவர் உரிமையாளர் இல்லை என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியச் சட்டத்தின் விதி. பழைய வரி ரசீது, தாத்தா எழுதிய பாகப்பிரிவினை, அடமானப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பையில் போட்டு வையுங்கள்.

சுவாதீனத்துக்குச் சட்டம் கொடுக்கும் மரியாதை இன்னொரு பக்கமும் வெட்டும். ஒத்திக்கு விட்டீர்கள், கெடு முடிந்தது, பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றாலும் அவர் கிளம்பவில்லை. உங்கள் வீடுதான். அதற்காக நாலு பேரைக் கூட்டிப் பூட்டை உடைத்துச் சாமானை வீதியில் வைத்தால், அவர் ஆறு மாதத்துக்குள் குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 6-வது பிரிவில் வழக்குப் போட்டு மறுபடி உள்ளே வந்துவிடலாம். அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற பேச்சே எடுபடாது, சட்டப்படி இல்லாமல் வெளியேற்றினீர்களா என்பது மட்டும்தான் கேள்வி, தீர்ப்புக்கு அப்பீலும் இல்லை. அசல் உரிமையாளர் தனி வழக்கில்தான் போராட வேண்டும்.

புறம்போக்கு என்றால் அரசுக்குப் பன்னிரண்டு இல்லை, முப்பது வருஷம். கோவில் சொத்தில் அதுவும் கிடையாது. அறநிலையத் துறைச் சட்டத்தின் 109-வது பிரிவு காலவரையறையையே எடுத்துவிட்டது. ஊருணிக் கரையிலும் கண்மாய்க்குள்ளும் கட்டிவிட்டு வருஷக் கணக்குச் சொல்லிப் பிரயோஜனமில்லை.

மலேசியா, சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் ஊரில் உள்ள ஒருவருக்குப் பவர் அனுப்பினால், அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காமல், வழக்கு நடத்த, வரி கட்ட, ஆள் வைக்க என்று மட்டும் எழுதச் சொல்வேன் நான். அப்புறம், "இந்த வீட்டில் உங்களுக்குப் பங்கு இல்லை" என்று எந்தப் பங்காளியாவது கடிதமோ வக்கீல் நோட்டீஸோ அனுப்பினால், சண்டை வேண்டாம் என்று அதை அலமாரியில் போடாதீர்கள். பன்னிரண்டு வருஷக் கணக்கு ஓட ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்தக் காகிதத்திலிருந்துதான். மறுத்து ஒரு பதிலைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப் பையிலேயே போட்டு வையுங்கள், அப்புறம் ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள்.